குருமாவுக்குக் காத்திருந்தவர்

அன்று சிங்கப்பூரில் எங்கள் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் நானும் ஜாலான் புசார் வட்டாரக் குருமாக் கடைக்காரரும் மட்டும் இருந்தோம். மேலாளர் விடுப்பில் போயிருந்தார். குருமாவில் கிருமி அதிகம் என்று மெஷின் காட்டியதால் கடைக்காரர் தன் கடையை மூடியிருந்தார்.

"மெஷின் செத்த கிருமியையும் சேர்த்து எண்ணிடும், பாய். கிருமி வளர்க்கிற தட்டுல வச்சா உயிரோட இருக்கிறது மட்டும்தான் வளரும். ஆனா ரெண்டு நாளாகும்" என்றேன்.

"என் வீட்டுல உயிரோட இருக்கிறதை எண்ணினா நான் ஒருத்தன்தான் தேறுவேன் லா" என்று சிரித்தார்.

இரண்டு நாளும் வந்து உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் டீ குடிக்கப் போனால் கூடவே வந்து பேசினார். கடைசியில் தட்டில் சில புள்ளிகளே வளர்ந்திருந்தன. கடையைத் திறக்கலாம் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு நாள் வியாபாரம் போச்சே, பாய்."

"பேச்சுத் துணைக்கு ஆள் இருந்துச்சே. போன காசு எண்ணூறு வெள்ளிதான் தம்பி."