குறுக்குவழி மாப்பிள்ளை

கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கமாட்டார். பார்வை நேராக என் இடது விலாவுக்குப் போகும். ஒரு விநாடி அங்கே நிற்கும். பிறகுதான், "அட, மச்சானா? வாங்க, வாங்க" என்பார். பதினான்கு வயதில் மதிலேறிக் குதித்தபோது என் ஆறாவது விலா எலும்பு விரிசல் விட்டது. அப்பாவின் அடிக்குப் பயந்து வீட்டில் மூச்சு விடவில்லை. அது தானாகவே ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயதுவரை என்னைத் தவிர யாருக்கும் தெரியாத சமாச்சாரம். ஆறு மாதத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இவர் சாவகாசமாகக் கேட்டார்: "மச்சான், இடது பக்கம் ஆறாவது எலும்பு எப்ப ஒடிஞ்சுது?" டம்ளரில் பாதி என் வேட்டியில் கொட்டியது.

இவர் என் தங்கையின் கணவர். பெரிய மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்தில் எக்ஸ்-ரே எடுக்கிற வேலை. பதினாறு வருட சர்வீஸ். ஒல்லியான தேகம். இடது, வலது குறிக்கிற இரண்டு ஈயத் துண்டுகள் எப்போதும் சட்டைப் பையில் கிடந்து, நடக்கும்போது சில்லறை மாதிரி சத்தம் போடும். நோயாளிகளிடம் அதட்டல் கிடையாது. "தாடையை மேல வைங்க, தோளை முன்னால கொண்டாங்க, அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சொல்லும்போதே உண்மையில் முடிந்திருக்கும்.

பொறுமை என்கிற சாமான் மட்டும் இவரிடம் ஸ்டாக் கிடையாது. லிஃப்ட் பொத்தானை ஏழெட்டு முறை குத்துவார். நாவல் வாங்கினால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவைப்பார். என் தங்கையைச் சந்தித்த மூன்றாவது நாளே, "சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது, கட்டிக்கலாமா?" என்று கேட்டவர். எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தத் தெருவில் முளைக்கலாம் என்பது அத்துப்படி. இரண்டு தடவை ஸ்கூட்டரோடு சாக்கடையில் இறங்கியும் புத்தி வரவில்லை. "எல்லாரும் போற ரோட்லயே போறதுக்கு நான் எதுக்கு மச்சான்?" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, விடாத இருமலோடு இவருடைய அண்ணன் மருத்துவமனைக்கு வந்தார். தம்பியே படம் எடுத்தார். அண்ணன் கலகலப்பான மனிதர். "டேய், நல்லா விழுந்திருக்கேனா?" என்று கேட்டிருக்கிறார். திரையில் வலது நுரையீரலில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. "ஜம்முனு இருக்கீங்கண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாராம். நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்தது. துக்கம் கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது, பயம் அடங்கவில்லை. தங்கை லேசாக இருமினாலும் சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்துவிடுவார். மகள் தூங்கும்போது அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பார்.

அந்தப் பயத்தைக் கழற்றிப் போடத்தான் தியானக் கூடத்துக்குப் போனார். ஒரு தையற்கடையின் மாடி அது. பன்னிரண்டு மெத்தைகள், ஒரு புத்தர் சிலை, கடகடக்கும் மின்விசிறி. நடத்துகிற பிக்குவுக்கு என் வயதுதான் இருக்கும். முன்பு வங்கியில் வேலை பார்த்தவராம். மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தால் போதும் என்றார். நம் ஆள் மூன்று வாரம் கவனித்தார். நான்காவது வாரம் கையைத் தூக்கிவிட்டார்.

"சாமி, ஞானம் வர எவ்வளவு நாளாகும்?"

"இருபது வருஷமா உக்காந்திருக்கேன், எனக்கே இன்னும் வரலையே" என்று பிக்கு சிரித்தார்.

"இருபதா! வேற ரூட் இல்லையா சாமி?"

முன்பெல்லாம் சில பிக்குகள் சுடுகாட்டில் உட்கார்ந்து எலும்பையே பார்த்துத் தியானம் செய்ததுண்டு, அது வேகமான வழிதான், ஆனால் பக்கத்தில் ஆள் இருந்து அளந்து அளந்து செய்யவேண்டிய காரியம், உங்களுக்கு அது வேண்டாம் என்று பிக்கு சொல்லியிருக்கிறார். கடைசி வார்த்தை இவர் காதில் ஏறவே இல்லை. அன்று சாயங்காலமே எனக்கு ஃபோன் செய்தார். "மச்சான், அவங்க எலும்பைத் தேடிச் சுடுகாட்டுக்குப் போகணும். எனக்கு எலும்பெல்லாம் டோக்கன் வாங்கிக்கிட்டு வரிசையில நிக்குது!" நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

தன் மண்டையோட்டையும் நெஞ்சுக்கூட்டையும் படமெடுத்துப் படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். காலை வெயில் அதன் வழியாகத்தான் கட்டிலுக்கு வரும். தங்கை போர்வையால் மூடுவாள், இவர் விலக்குவார். மதிய இடைவேளையில், பழைய ஃபிலிம் அடுக்கிய அறைக்குள் போய் உட்கார்ந்து, கால் கட்டைவிரலிலிருந்து உச்சி மண்டைவரை தன் எலும்புகளை ஒவ்வொன்றாக மனத்தால் தொட்டுக்கொண்டு போவார். பிறகு எதிரே வருகிறவர்களின் தோலைக் கழற்ற ஆரம்பித்தார். பஸ் நடத்துனர், காய்கறி விற்பவர், மாடிப்படியில் எதிர்ப்பட்ட நர்ஸ் என்று யாரும் தப்பவில்லை.

நாற்பத்திரண்டாவது நாள் அது வந்துவிட்டது. ஆபீஸ் விட்ட நேரத்து பஸ். "பூராவும் எலும்பு மச்சான். மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டு வருது. ஒண்ணு ஃபோன்ல சண்டை போடுது. ஒண்ணு கொட்டாவி விடுது. அழகுன்னும் இல்ல, அசிங்கம்னும் இல்ல. அண்ணன் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் பயமில்லாம வீட்டுக்கு வந்தேன்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. வீட்டுக்கு வந்து என் ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

முதல் மாதம், வா என்றால் வந்தது, போ என்றால் போனது. வேலையில் கொடிகட்டிப் பறந்தார். படம் எடுப்பதற்கு முன்பே, "மணிக்கட்டுல இல்ல டாக்டர், முழங்கைக்குக் கீழ பாருங்க" என்பார். எலும்பு டாக்டர் வாயைப் பிளப்பார். இரண்டாவது மாதம் அது போகமாட்டேன் என்றது. கூட்டத்தில் இருப்பவர்களின் முகங்கள் முதலில் மறைந்தன. அடுத்து உடன் வேலை செய்பவர்கள். அடுத்து வீடு. சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்காமல் தாடி விட்டுவிட்டார்.

தங்கைக்குக் கழுத்தடியில் இடது காறை எலும்பில் ஒரு முடிச்சு உண்டு. கல்லூரிக்குப் போகும்போது சைக்கிளிலிருந்து விழுந்தது. அதை வைத்துத்தான் இவள் பெண்டாட்டி என்று கண்டுபிடிக்கிறார். "நல்லவேளைண்ணா, அன்னைக்கு விழுந்து வாரினேன். இல்லேன்னா 'யாரும்மா நீ'ன்னு என்னையே கேட்டிருப்பார்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மகளுக்கு ஆறு வயது. 'வாலு' என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். அவ்வளவு சேட்டைக்கும் இதுவரை பெரிதாக அடிபட்டதில்லை, உடம்பில் எந்த எலும்பிலும் ஒரு கீறல் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்னால் அதுவே வினையாக வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். இவர் உயரத்தை மட்டும் பார்த்து, ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். குழந்தை மிரண்டுபோய் வாயே திறக்கவில்லை. இரண்டாவது தெருவில்தான் ஓவென்று அழ ஆரம்பித்தது. பின்னாலேயே, முதுகில் பை குதிக்கக் குதிக்க, எங்கள் வாலு வந்துகொண்டிருந்தாள். அப்பா ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து, கூப்பிடாமல் ஒளிந்து ஒளிந்து வந்திருக்கிறாள். கூட்டம் கூடிவிட்டது. அந்தக் குழந்தையின் தகப்பன் இவர் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் ஓடிப்போய், காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இவரை மீட்டுக்கொண்டு வந்தேன்.

"அந்த வயசுல எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு மச்சான்" என்றார், திரும்பி வரும்போது ஆட்டோவில். "பால் பல்லுக்குப் பின்னால அடுத்த பல்லெல்லாம் ஈறுக்குள்ள வரிசையா காத்துக்கிட்டு நிக்குது. அதுல எது நம்மளதுன்னு எப்படிச் சொல்றது?" என் முதுகுத்தண்டு சில்லிட்டது. அதையும் பார்த்துவிடுவாரோ என்று சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அன்றே ஜன்னலில் இருந்த படங்களைக் கிழித்துப் போட்டார். கண் டாக்டர் கண்ணில் பழுதில்லை என்றார். நரம்பு டாக்டர் நரம்பில் பழுதில்லை என்றார். கடைசியில் இரண்டு பேரும் தையற்கடை மாடிக்குப் போனோம். "சாமி, திரும்பி வர ஒரு வழி சொல்லுங்க. எவ்வளவு நாளானாலும் பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிக்கு எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். "தியானத்தை நிறுத்துங்க. நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க. எதையும் பிடிச்சுக்காதீங்க, விட்டுடுங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்லுவேன். உங்களுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார். அவருக்குப் பயமாக இருந்தது. எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

வேலைக்கு இப்போதும் போய்வருகிறார். அங்கே யாருடைய முகமும் தேவைப்படுவதில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க மச்சான். யாராவது ஒருத்தன் மெதுவாப் போகட்டும். என் ஃபோட்டோ போட்டாலும் போடுங்க, எனக்கா தெரியப் போகுது?" என்றார். குரலில் கேலி இருந்தது. முன்பிருந்த நிம்மதியைத்தான் காணோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடப் போயிருந்தேன். தட்டு வைத்தாயிற்று. வாலுவைக் காணோம். பார்த்தால் பீரோவின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இறங்குடி கழுதை!" என்று தங்கை கத்தினாள்.

"குதிக்கப் போறேம்மா."

"எதுக்குடி?"

"கை ஒடைஞ்சா அப்பாவுக்கு என்னைத் தெரியும்ல? உன்னை மட்டும் தெரியுது."

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் நாற்காலி போட்டு ஏறிக் குழந்தையை அள்ளி இறக்கினேன். அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

அவர் உள்ளறை வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வந்து குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார். கை அவள் முகத்துக்குப் போயிற்று. நெற்றியில் பட்டதும் விலகியது. கன்னத்து மேட்டில் பட்டதும் விலகியது. தாடையில் பட்டு, சுட்டுக்கொண்டதுபோல் பின்வாங்கியது. எலும்பில்லாத இடமாகத் தேடுகிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கடைசியில் காது மடலின் அடியில், அந்தச் சின்னச் சதையில் வந்து விரல்கள் நின்றன. பெருவிரலும் ஆட்காட்டி விரலுமாகப் பிடித்துக்கொண்டார்.

வாலு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சாப்பாடு ஆறியது.

"வலிக்குதுப்பா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

பிடியைத் தளர்த்தினார். விடவில்லை.