சித்தி பழுது பார்த்த ஊஃபர்

எங்கள் சித்திக்கு அடக்கம் ஒத்துவராது. ஒரு கார் ஸ்பீக்கரைச் சரிசெய்துவிட்டால், தெருவில் போகிறவர்களைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவைப்பாள். சித்தப்பாவின் மெக்கானிக் கடையில் முன்பக்க மேஜை அவளுடையது. வீட்டின் முதல் பட்டதாரியான நான், அடுத்து என்ன என்று தெரியாமல் அந்த மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் காலை டாக்சி டிரைவர் ஒருவர் காரைக் கடை வாசலில் விட்டுவிட்டுப் போய், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சின்னப் பெண், முதுகில் பள்ளிப் பை. பிறவியிலேயே காது கேட்காது. கார் டிக்கியில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஊஃபர்கள், தாளத்தை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள். பின்சீட்டில் சாய்ந்தால் பாட்டு அவள் முதுகில் அதிரும். இரண்டும் ஒரே வயர்த் தொடரில் இருந்ததால், ஒன்று கெட்டதும் இரண்டும் அடங்கிவிட்டன. அன்றிலிருந்து காரில் ஏற மாட்டேன் என்கிறாளாம்.

"உள்ளே சுத்தியிருக்கற காயில் கம்பி கருகிடுச்சு, தூக்கிப் போடுன்னு வேற கடையில சொல்லிட்டாங்கக்கா. தினமும் வாசல்ல மல்லுக்கட்டுதான். ஸ்கூலும் போச்சு."

சித்தி ஊஃபரைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள்.

"சொன்னவனுக்கு ஜலதோஷமா தம்பி? கருகினா நாறாதா?"

ஐந்து விரலையும் விரித்து ஊஃபரின் காகிதக் கூம்பை மெல்ல அமுக்கினாள். எங்கும் உரசவில்லை. வயரின் வெளிமுனையில் மீட்டரை வைத்தாள், முள் அசையவில்லை. வயர் கூம்போடு சேரும் இடத்தில் வைத்ததும் துள்ளியது.

"காயில் உயிரோட இருக்கு. இந்தப் பின்னல் வயர்தான் ஆடி ஆடி அறுந்திருக்கு."

இரண்டு வயரையும் புதிதாகப் பற்றவைத்து, பெட்டியில் மாட்டிப் பாட்டைப் போட்டாள்.

"எப்படி?"

"சூப்பர் சித்தி" என்றேன். டிரைவரும் தலையாட்டினார்.

சிறுமி சீட்டில் சாய்ந்தாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்து இல்லை என்று தலையசைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

நான் உண்மையிலேயே பாட்டைக் கேட்டுத்தான் சொன்னேனா, சித்தியின் மலர்ந்த முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சித்தி வாதாடவில்லை. பின்சீட்டில் ஏறி, சிறுமி தொட்ட இடத்திலேயே கையை வைத்தாள்.

"ஐயோ, என் புத்தி!"

பெட்டியின் வயரில் டார்ச் பேட்டரியை வைத்துப் பார்த்தாள். ஒரு கூம்பு வெளியே தள்ளியது. மற்றது உள்ளே போனது.

"வயரை மாத்திப் பத்தவச்சுட்டேன். ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுக்க, அதிர்வு எங்கேருந்து வரும்?" என்னிடம் திரும்பினாள். "ஏன் பட்டதாரி, நீயும் சூப்பர்னியே?"

"நீ கேட்ட தோரணை அப்படி."

"நான் கேட்டா சொல்லிடறதா?"

வயரை மாற்றிப் போட்டாள். பாட்டு வந்ததும் கடையின் தகரக் கதவு நடுங்கியது. டிரைவர் கூப்பிடுவதற்குள் சிறுமி பையோடு ஏறிச் சாய்ந்துவிட்டாள். ஒரு கையால் அப்பாவின் தோளைத் தட்டினாள், வண்டியை எடு என்று. இன்னொரு கை சித்தியின் புடவையை விடவில்லை.

"அடியேய், எனக்கெதுக்குடி ஸ்கூலு?" என்றபடியே சித்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"யாராவது வந்தா, பெரிய மெக்கானிக் ஸ்கூலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு!"