அழகருக்கு என்று சொன்ன மொட்டை

மருத்துவமனை வராந்தாவில் என் பெயரைக் கூப்பிட்டதும் முதலில் கொண்டையைச் சரிசெய்தேன். கப்பலூர் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து வந்த பழக்கம். புதுப் பெண்களுக்கு மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, கல்யாணமானவர்களுக்குப் பூ வைத்த ஒற்றைச் சடை. கொண்டை சூப்பர்வைசருக்கு. கொண்டைக்காரி வந்தால் தையல் மெஷின் வரிசையில், எங்கள் பேச்சில் லைனில், பேச்சு நிற்கும்.

மார்பில் இருந்தது புற்றுக்கட்டி என்று பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) சொல்லிவிட்டது. கீமோதெரபியில் (புற்றை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) முடி கொட்டும், திரும்ப வளரும் என்றார் டாக்டர். "வேலைக்குப் போகலாமா?" என்றுதான் கேட்டேன்.

"உடம்பு ஒத்துழைச்சா போங்கம்மா."

கொட்டியது போக மிச்ச முடியை வீட்டுக்காரரே மழித்துவிட்டார். மூன்றாவது ஊசிக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பினேன். வில்லாபுரத்தில் பஸ் ஏறியதும் ஒரு அம்மா, "எந்தக் கோவிலுக்கு முடி குடுத்த?" என்றார். "அழகர்கோவில்" என்று வாயில் வந்துவிட்டது. அதே பொய்யைக் கம்பெனியிலும் சொன்னேன். நோயாளி என்று தெரிந்தால் பாவப்பட்டே என்னை உட்காரவைத்துவிட்டு லைனை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

எல்லாரும் நம்பினார்கள். "தோசை எங்கக்கா?" என்றும் கேட்டார்கள். அழகர்கோவிலுக்குப் போன மதுரைக்காரி பிரசாதத் தோசை இல்லாமல் திரும்புவாளா? இது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் மறந்துவிட்டேன் என்று மழுப்பினேன்.

பஞ்சவர்ணம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. காலர் தைப்பவள், வாயாடி, என்னிடம் தினமும் திட்டு வாங்குகிறவள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தூக்குச்சட்டியோடு வந்தாள். "அக்கா வீட்டுல போயி தோசைய வாங்கியாந்துட்டேன்" என்று லைன் முழுக்கப் பிட்டுக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தானே அழகர்கோவில் போய் வந்திருக்கிறாள்.

கைகழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். "எப்படிடீ தெரியும்?"

"மொட்டை போட்டா புருவமுமாக்கா போகும்? மையில வரைஞ்சது வேர்வையில கரையுது." பையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்தாள். "இம்புட்டு வெயில்ல வெறுந்தலையா அலையிறீங்க. குனிங்க."

எனக்குக் கீழே வேலைபார்க்கிறவள் முன்னால் தலை குனிந்து நின்றேன். வைத்தியம் தொடங்கியதிலிருந்து என் உடம்பைத் தொட்ட ஆஸ்பத்திரிக் கைகளெல்லாம் கட்டியையோ நரம்பையோ தேடின. அவள் கை எதையும் தேடவில்லை. இப்படியும் ஒருத்தியா என்று மலைத்துப்போனேன். கடைசிவரை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. லைனும் என்னிடமே இருந்தது.

வைத்தியம் முடிந்து முடி தோளைத் தொட ஒன்றரை வருடம் ஆனது. மறுபடி கொண்டை போட அந்த நீளம் போதும் என்றானதும், பஞ்சவர்ணத்தைக் கூட்டிக்கொண்டு, சொன்ன முடியைக் கொடுக்க அழகர்கோவில் போனேன். ஒன்றரை வருடம் பத்து நிமிடத்தில் மடியில் விழுந்தது. அவளே சந்தனம் பூசினாள்.

கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். புருவம் இரண்டும் இருந்தன.