தாய்மாமன் மடி

சிங்கப்பூர் தேக்காவில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் வேலை பார்க்கும் இந்திராணி, சூரிக்கிலிருக்கும் மகன் தருணை அழைத்தாள். வியன்னாவில் அவன் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும்.

"ரொம்ப தூரம்மா. வேலை இருக்குலா."

"அறுநூறு கிலோமீட்டர்டா. ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம். இங்கேருந்து நான் பதிமூணு மணி நேரம் பறந்து போறேன்."

"அப்ப நீங்களே மடியில வச்சுக்குங்க."

தகப்பனில்லாத பிள்ளைகளை ஒரே பாயில் படுக்கவைத்து வளர்த்தவள் அவள். மகளை அழைத்து, "அண்ணனுக்கு ஃபிளைட் கிடைக்கலம்மா" என்றாள்.

"டிக்கெட் போடுறதே நீங்கதானேம்மா. பொய் எதுக்கு? எம் பொண்ணுக்கு மாமனே இல்லன்னு சொல்லிக்கிறேன்."