ஓரகத்தி நாற்றுக்கு ஊற்றிய கஞ்சி

என் ஓரகத்தியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஊரில் அவளுக்குத்தான் பேர். கைராசிக்காரி என்று முதல் நாற்றை நட அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூத்தவள் நான் வரப்பில் குத்துக்கல்லாட்டம் நிற்பது எவர் கண்ணுக்கும் தெரியாது.

அடிதடி, கோர்ட்டு, கேஸ் என்று அலைந்து, கழக ஆட்சியில் மிராசுதாரின் உபரி நிலம் எங்கள் தெருவுக்கு வந்தபோது அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த துண்டு கிடைத்தது. கொழுந்தன் பட்டாவில் அவள் பேரையும் சேர்த்தான். என் வீட்டுக்காரரோ என் பேர் எதற்கு என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிலமா அது? வெள்ளை பூத்த உவர். இரண்டு போகம் பொய்த்தால் தானாக நம்மிடம் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள் என்று மிராசுதாரின் காரியக்காரர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம்தான் விவசாய ஆபீசர் ஒருவர் கூட்டம் போட்டு, கரித்தூள் மாதிரி ஒரு பொடி கொடுத்தார். அசோஸ்பைரில்லமாம். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்து வேருக்குக் கொடுக்கும் என்றார். ஆறிய வடிகஞ்சியில் கரைத்துத் தண்ணீர் சேர்த்து, நாற்றின் வேரை நனைத்து நடச் சொன்னார். சூடு பட்டால் செத்துவிடும் என்று இரண்டு தரம் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓரகத்தி வரவில்லை. அவள் பங்குப் பொடியை நான்தான் வாங்கிவந்து விவரம் சொன்னேன். ஆறிய கஞ்சி என்று சொல்லாமல் விட்டது நிஜமாகவே மறதி.

நடவன்று நடந்தது மறதியில்லை. ஆவி பறக்கும் கஞ்சியில் அவள் பொடியைக் கொட்டிக் கலக்கினாள்.

"உசுரு உள்ளதுன்னு சொன்னீங்களேக்கா, அதான் சூடா ஊத்துறேன்" என்றாள்.

மிராசுதார் வீட்டுக் கொல்லையில் எங்களுக்கு ஊற்றியதெல்லாம் ஆறிப்போன கஞ்சி. அதனால் எங்கள் தெருவில் ஒருவரை மதிப்பதென்றால் சூடாகக் கொடுப்பதுதான். சூட்டில் அந்தப் பொடி செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இந்த ஒரு தடவை அவள் கைராசியைப் பார்ப்போம் என்று நின்றேன்.

என் பயிர் கருகருவென்று எழுந்தது. அவளுடையது வெளிறி, தூர் கட்டாமல் நின்றது. கஞ்சியால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஊர் என் வரப்பில் வந்து நின்று பார்த்தபோது எனக்கு இனித்தது. அது சத்தியம். அடுத்த போகமும் அவளுக்குப் பொய்த்தது. கொழுந்தன் நிலத்தைக் காரியக்காரரிடமே குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான்.

மறு வருடம் அவள் என் வயலுக்குக் கூலி நடவுக்கு வந்தாள். நான் கேட்காமலே வீட்டிலிருந்து ஒரு குண்டான் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. என் பொடிப் பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"ஆறட்டும். சூட்டுல போட்டா செத்துரும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்கும் பக்கத்துலதானேக்கா நின்னீங்க?"

பிடித்திருந்த கையை விட்டேன். அவள் குண்டானை வரப்பில் இறக்கி வைத்துக் குந்தினாள். முந்தானையால் கஞ்சிக்கு விசிறத் தொடங்கினாள்.