கொக்கோத் தோட்டத்தில் நட்ட குடைகள்

இதை எழுதுவோமா விடுவோமா என்று பல வருடங்கள் தயங்கிவிட்டேன். புருஷன் பெண்சாதி சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்பது ஒன்று. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து எதற்கு என்ற கூச்சம் இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுகிறேன், குசினியில் மகள் வினாகிரிப் போத்தலைக் கைதவறிப் போட்டுவிட்டாள். "மூக்கப் பொத்துங்க வாப்பா" என்று கத்துகிறாள். நானோ நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். அது எனக்கு வினாகிரி மணமல்ல. வாழையிலைக்கு அடியில் புளித்துக்கொண்டிருக்கும் கொக்கோக் கொட்டையின் மணம்.

சொக்கலேட் தின்பவர்கள் பலருக்கு இது தெரியாது. பழத்தை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டைகளைக் குவித்து இலையால் மூடினால் அது தானாகச் சூடேறும். உள்ளே கையை விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டதுபோல் இருக்கும். அதன் பிறகுதான் வெயிலில் காயப்போடுவது.

அந்த மணம் பழகிய காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். புறக்கோட்டையில் மிளகு, கராம்பு, கொக்கோ வாங்கி விற்கும் கடையில் வேலை. காய்ந்த கொட்டை எடுக்க வெறுஞ்சாக்குகளோடு மாத்தளைப் பக்கம் போவேன். எங்களுக்குக் கொட்டை கொடுக்கும் ஹனீபா நானா வீட்டில்தான் பகல் சோறு. அவர் மனைவி பரீதாவை நான் தாத்தா என்பேன். எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்திலிருந்தவரிடம் "தாத்தா நல்லாச் சமைப்பா" என்று சொல்லி, அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது வேறு கதை.

அவர்களுக்கு இருந்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னத் தோட்டம்தான். கீழே கொக்கோ. மேலே பலா, ஈரப்பலா, கித்துள், மிளகுக்கொடி ஏறிய முள்முருக்கு. உச்சி வெயிலிலும் உள்ளே போனால் பள்ளிவாசலுக்குள் நுழைந்த குளிர்ச்சி. அதற்குத்தான் ஆபத்து வந்தது. மேலே நிற்கும் மரங்களை வெட்டினால் கொக்கோ காய்த்துக் கொட்டும் என்று யாரோ தேத்தண்ணிக் கடையில் நானாவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"இந்த மரமெல்லாம் வெயிலத் திண்டுட்டு நிக்கிது" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"வெட்டுங்க. மறுகா கொக்கோவுக்கு நீங்களே கொடை புடிச்சிட்டு நில்லுங்க" என்றார் தாத்தா.

"சிரிக்காதீங்க தம்பி. இவக்கு வாய் கூட."

"காய் இல்லாத மாசம் பலாக்காயத்தானே ஆக்கிப் போடுறன்? மொளகு எதில ஏறுற? ஒங்கட முதுகிலயா?" என்றவர், குரல் இறங்கி, "இதக் கெடுத்துட்டா நமக்கு வேற என்ன ஈக்கிது? புள்ளைக்கும் இதுதான்" என்றார்.

கடைசியில் தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு தும்புக் கயிறு கட்டினார்கள். மேல் பாதி நானாவுக்கு, அவர் வெட்டலாம். கீழ்ப் பாதி தாத்தாவுக்கு, தொடக்கூடாது. எது நன்றாகக் காய்க்கிறதோ, முழுத் தோட்டமும் அந்த வழிக்கு.

அடுத்த வருடம் நான் போனபோது நானாவின் பாதியில் அடிமரம் முழுக்கக் காய். "மாஷா அல்லாஹ் செல்லிட்டுப் பாருங்க, கண்ணு பட்டிடும்" என்றார். தாத்தா மறுக்கவில்லை. "அவருட பக்கம்தான் கூட. வாக்கு வாக்குத்தான்" என்றார். ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு கோடை பாத்துட்டு என்ட பக்கத்த வெட்டுங்க."

நானா பொறுத்தார். அல்லாஹ் கொடுத்த பொறுமை என்றுதான் சொல்வேன். அந்தக் கோடை மழையே இல்லை. மேல் பாதியில் இலைகள் அப்பளம்போல் சுருண்டன. பிஞ்சுகள் கறுத்து மரத்திலேயே ஒட்டிக்கொண்டன. கயிற்றைத் தாண்டித் தாத்தாவின் பாதிக்கு இறங்கினேன். உதிர்ந்த இலைகளைக் கால் பெருவிரலால் கிளறினால் அடியில் மண் ஈரமாகவே இருந்தது.

மழை வந்த பிறகு போனபோது நானா மேல் பாதியில் குனிந்து, நட்டால் துளிர்த்து மரமாகிவிடும் முள்முருக்குக் கம்புகளை ஊன்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கம். "பாக்காதீங்க தம்பி, கொடை நடுறன்."

தாத்தா தண்ணீர் வாளியோடு பின்னால் வந்தார். இப்போது பாட்டு விழும் என்று நினைத்தேன். "ஆழமா நடுங்க. கொடக்கம்பு ஆடக்கூடாது" என்றார், அவ்வளவுதான்.

இன்று புறக்கோட்டையில் அந்தக் கடை இல்லை. நடைபாதையில் சாக்கு அவிழும்போது எழுந்த அந்தப் புளிப்பு மணமும் இல்லை. நானாவும் தாத்தாவும் அல்லாஹ்விடம் போய்விட்டார்கள். போன வருடம் அங்கே போனேன். அவர்களுடைய மகள் ஸரீனாதான் தோட்டத்தைப் பார்க்கிறாள். கயிறு எங்கே கட்டியிருந்தது என்று கேட்டேன். இங்கே என்றாள், பிறகு அங்கே என்றாள், பிறகு சிரித்துவிட்டாள். எங்கும் ஒரே நிழல்.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தாத்தா இருந்தபோது, சோற்றுக்கு முன்னால் ஒரு விருந்தாளிக்கு நான் இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். தாத்தா அகப்பையோடு வந்து நின்றார். "மொத வருஷம் இவருட பக்கம்தான் கூடக் காய்ச்ச. அத ஏன் விடுறீங்க? அதையும் செல்லுங்க."