இட்லித் தட்டில் ஒரு குழி

அந்த போல்ட்டை எடுத்தது நான்தான்.

எலி இழுத்துக்கொண்டு போகவில்லை. சாக்கடையில் விழவில்லை. பழைய இரும்பு பொறுக்க வந்தவன் மேல் பழி போட்டார்களே, அவனும் எடுக்கவில்லை. என் இடுப்புச் சுருக்குப் பையில், வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் அது இருந்தது. எல்லோரும் குனிந்து தேடியபோது நானும் சேர்ந்து குனிந்து தேடினேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நாளைக் காலையில் உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டியதில்லை, அதனால்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச எழுதித் தருகிற பெண்ணும் வெளியூர்க்காரி.

அவிநாசிபாளையத்தில் ரோட்டை ஒட்டி எனக்கு ஒரு லைன் வீடு இருக்கிறது. கிணறு வற்றியதும் என் வீட்டுக்காரர் தோட்டத்தில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் மாமியார் ஊரோடு போய்விட்டான், மகள் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஆளுக்கொரு மாமியார் கிடைத்துவிட்டார்கள், எனக்குத்தான் ஒருத்தரும் மிச்சமில்லை! இதைச் சொல்லி நானே சிரிப்பேன்.

குடியிருப்பவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனி ஆட்கள். விடிந்தால் போதும், குக்கர் விசில், குழாயடிச் சண்டை, ஒரு ரூமில் தெக்கத்திப் பேச்சு, ஒரு ரூமில் இந்தி. கடைசி ரூம் வடநாட்டுப் பெண்ணை நான் தமிழில் திட்டுவேன், அவள் இந்தியில் சிரிப்பாள். அந்த இரைச்சல் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தீபாவளி வந்தால் அது அத்தனையும் நின்றுவிடும். போனஸை வாங்குவார்கள், பையைத் தூக்குவார்கள், ஊருக்குப் போய்விடுவார்கள். எல்லாக் கதவிலும் பூட்டு. முன்பெல்லாம் அந்த நாளில் ஒவ்வொரு பூட்டாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பொய். அந்தச் சத்தத்துக்காகத்தான் ஆட்டுவேன்...

பிறகு சேவியர் குடும்பம் குடிவந்தது. அவன் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். பெண்டாட்டி முத்துமாரி செக்கிங் வேலைக்குப் போகிறாள். ஜெனி என்று ஒரு குட்டி. பையன் வேதக்காரன், பெண் இந்து; ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டார்கள். சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற அவள் அப்பா அன்றைக்கு அடைத்த கதவைத் திறக்கவே இல்லை. தாயும் இல்லாத பெண், அவன் பக்கமும் போக்கிடம் இல்லை. எங்கே போவாள்? ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் இங்கேயே இருந்தார்கள். நான் முறுக்குச் சுட, ஜெனி பக்கத்தில் உட்கார்ந்து உடைந்ததையெல்லாம் தின்பாள். என்னை 'அம்மாயி' என்று கூப்பிடப் பழக்கியது நான்தான். அம்மாவைப் பெற்றவளைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். பார்த்தீர்களா, அப்போதே நான் அடுத்தவர் இடத்தில் உட்காரத் தொடங்கியிருக்கிறேன்.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால் அந்த அப்பா போன் செய்தார். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். முத்துமாரி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் சிரித்தேன். உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைக்க மறந்து வெறும் பாத்திரத்தின் முன்னால் நின்றேன்.

சேவியர் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி வைத்திருந்தான். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று அடிக்கும். முன்சக்கரத்தை வண்டியின் அடியோடு பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை போய்விட்டதாம். லோயர் ஆர்ம் என்றான். பார்த்தால் உண்டிவில் கவட்டை மாதிரி இருக்கும். கார் கம்பெனியின் சாமான் விலை அதிகமென்று வெளிக் கம்பெனி போட்டதில் ஒரு ஜோடி வாங்கி வந்தான். ஒர்க்‌ஷாப்காரர்களும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானே மாட்டுகிறேன் என்று வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான்.

கழற்றிய போல்ட்டுகளை மண்ணில் வைத்திருந்தான். காணாமல் போய்விடும் என்று என் இட்லித் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குழிக்கு ஒன்றாக அழகாக வைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசினேன். அவனும் முகத்தில் கிரீஸோடு பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். புதுக் கை கொஞ்சம் இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. ரப்பர் புஷ் இருக்கிற பக்கத்தை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டுமாம். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு கிழிந்துவிடுமாம். எனக்கு இதெல்லாம் கேட்கக் கேட்க ஆசை.

சும்மாதான் கேட்டேன், சத்தியமாக... "இத்தனையிலெ எது கண்ணு முக்கியம்?"

அவன் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். "இந்தா ஆச்சி, இதுதான். வீல் பக்கம் பால் ஜாயிண்ட பிடிக்கது. இது இல்லைன்னா வண்டிய நகத்தவே கூடாது. சக்கரம் தனியா ஓடிரும்."

வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் பாதியில் நிற்க, சாப்பிடக் கை கழுவப் போனான்.

எடுத்துவிட்டேன்.

யோசித்தேனா? இல்லை. இரண்டு நாள் தாமதம் ஆகும், தீபாவளி இங்கே கழியும், அப்புறம் கிடைத்தது போலக் கொடுத்துவிடலாம்... அவ்வளவுதான் மனதில் ஓடியது. சின்னப் பிள்ளை மிட்டாய் திருடுவது போல எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சேவியர் திருப்பூர் வரை போய்த் தேடினான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பாதி மூடியிருந்தன, திறந்திருந்த கடையில் அந்த அளவு இல்லை. ஹார்டுவேர் கடையில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்த்தான், லூசாக ஆடியது. பிள்ளையை வைத்துக்கொண்டு இதில் ஓட்ட மாட்டேன் என்று கழற்றி வீசிவிட்டான். சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

அப்போதாவது கொடுத்திருக்கலாம் இல்லையா?

நான் வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. கூட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸிலும் ஏற முடியவில்லையாம். ஜெனியின் ஒரு செருப்பு கூட்டத்தில் போய்விட்டது. முத்துமாரி முகம் வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் என் நெஞ்சு குதித்தது. பாவம் என்று குதிக்கவில்லை. சந்தோஷத்தில் குதித்தது! என் பாவத்தில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். போல்ட்டை எடுத்ததுகூட அப்புறம்தான்.

அந்தத் தீபாவளி நன்றாக இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. ஜெனி தலைக்கு எண்ணெய் வைத்தேன், ஒன்றாகக் கறிக்குழம்பு சாப்பிட்டோம், கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன். இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அப்புறம்தான் மற்றது வருகிறது...

மறுநாள்தான் முத்துமாரிக்கு அப்பாவின் லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் இருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"வண்டி ரிப்பேருங்குற. பஸ்ஸு கெடைக்கலங்குற. எனக்கு வெளங்காதா? பேத்தி வாரான்னு ஊர் பூரா சொல்லிட்டு ரோட்டுல நின்னேன். கறியெல்லாம் அப்படியே கெடக்கு. என்ன நிக்க வச்சுப் பாக்கணும்னுதான நெனச்ச? பாத்துட்டேல்லா. இனிமே போன் போடாத."

நான் சுருக்குப் பையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஊரிலும் என்னைப் போல ஒரு கிழம் இருக்கும், அதுவும் ஆள் வருமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்... இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை? பூட்டு ஆட்டுகிறவளுக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

முத்துமாரி என் மடியில் படுத்து அழுதாள். "இனி ஆச்சிய விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் அவள் அப்பா அவளுக்குக் கிடைத்திருப்பார், எனக்கு அவள் போயிருப்பாள். திறக்கவில்லை.

கடைகள் திறந்ததும் வேறு போல்ட் வாங்கி மாட்டிவிட்டான். வண்டி இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. சந்தைக்குப் போகிறது, கோயிலுக்குப் போகிறது, தெற்கே மட்டும் போவதில்லை. பழைய போல்ட் அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது. இட்லி ஊற்றும்போது அந்த ஒரு குழியை மட்டும் விட்டுவிடுகிறேன், அதில் மாவு ஊற்றக் கை வருவதில்லை. ஏன் என்று ஜெனி கேட்பாள். தட்டு நசுங்கியிருக்கிறது என்பேன்.

மறுபடி தீபாவளி வருகிறது. மற்ற ரூம்களில் ஊருக்குப் போகக் கிழிந்த பைகளைத் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் எங்கேயும் போகவில்லை.

அந்தப் பெரியவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் துணிந்தேன். நம்பர் முத்துமாரி போனில் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாது. அவள் அதை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போன ஒரு காலையில், ஜெனியைக் கூப்பிட்டு அதில் இருக்கிற பெயர்களைச் சும்மா படிக்கச் சொன்னேன். இப்போது நன்றாகப் படிக்கிறாள். ஒன்றில் நிறுத்தினாள்.

"அப்பான்னு போட்டிருக்கு. ஆனா இது எங்கப்பா இல்ல அம்மாயி, அம்மாவோட அப்பா. போடவா?"

விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"வேண்டாஞ் சாமி," என்றேன். "இட்லி ஆறுது, வந்து உண்ணு."